குற்றாலத்தில் நம்மைக் குளிக்க விட்டது யார்? ஓர் அடிக்குறிப்பின் கதை

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் இரண்டு விஷயம் தவறாமல் வந்துவிடும். ஒன்று சாரல். இன்னொன்று ஆஷ் துரை பற்றிய பதிவு. ஜூன் 17 ஆஷ் கொல்லப்பட்ட நாள். அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். நம் தோழர்களும் பகிர்வார்கள். நானும் ஒரு காலத்தில் பகிர்ந்திருக்கிறேன்.

பதிவு பெரும்பாலும் இரண்டு கதைகளைச் சொல்லும். முதல் கதை: குற்றால அருவியில் எல்லாச் சாதியாரும் குளிக்கலாம் என்று கலெக்டர் ஆஷ் உத்தரவு போட்டார். இரண்டாவது கதை: பிரசவ வலியில் துடித்த ஒரு சேரிப் பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத் தெரு வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டான் என்று பதிவு முடியும்.

சில மாதங்களுக்கு முன் இலஞ்சியிலிருந்து ஒரு தங்கச்சி அழைத்தாள். முதுகலை வரலாறு படிக்கிறாள். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். குற்றாலத்து அருவியும் தீண்டாமையும் என்பது அவளுடைய ஆய்வேட்டுத் தலைப்பு. இலஞ்சியிலிருந்து அருவி சில கிலோமீட்டர்தான். சீசன் காலத்தில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஈரம் முகத்தில் படும். அவளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு இருக்க முடியாது.

ஆனால் இரண்டாம் இயலில் ஓர் அடிக்குறிப்பை வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்து, "இது ஆதாரமா?" என்று எழுதிவிட்டார். அந்த அடிக்குறிப்பில் இருந்தது ஒரு முகநூல் இணைப்பு மட்டும்.

"நம்ம வரலாறுன்னா மட்டும் ஆதாரம் கேக்காவ அண்ணே. அவங்க புராணத்தையே வரலாறுன்னு எழுதுதாவ, அத யாரும் கேக்க மாட்டாவ" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பேராசிரியர் கேட்டதும் தப்பில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். இணையத்திலிருந்து எடுப்பதை எப்படிச் சான்று காட்டுவது என்பது மதிப்பெண் விவகாரம் மட்டும் அல்ல. நம் வரலாற்றில் யார் நாயகர் என்பதையே அது தீர்மானிக்கிறது.

ஒன்பது இணைப்பு, ஒரே சாட்சி

"உன்னிடம் இருக்கிற இணைப்பு எல்லாவற்றையும் அனுப்பு தங்கச்சி" என்றேன். ஒன்பது அனுப்பினாள். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

இரண்டு திறக்கவே இல்லை, பக்கம் செத்துப்போயிருந்தது. மூன்றில் ஒரே வாசகம், எழுத்துப்பிழை உட்பட. இன்னும் இரண்டு, அந்த மூன்றில் ஒன்றை மேற்கோள் காட்டின. ஒன்று யூடியூப் காணொளி. பேசுகிறவர் உணர்ச்சியோடு பேசுகிறார், எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. கடைசி ஒன்று ஒரு நூலின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அடிக்குறிப்பு கிடையாது, நூலின் பெயரும் தெரியவில்லை.

ஊரும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பதிவில் அந்தப் பெண்ணை ஏற்றிய வண்டி செங்கோட்டைத் தெருவில் போகிறது. இன்னொன்றில் ஊர்ப்பெயரே இல்லை. உத்தரவின் தேதி எதிலும் இல்லை, எண்ணும் இல்லை.

ஒன்பது இணைப்பு இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். அந்தச் சாட்சியும் தனக்கு யார் சொன்னது என்று சொல்லவில்லை. நீதிமன்றத்தில் இப்படி ஒரு சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

இணையச் சான்றில் நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான். ஒரு செய்தி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள். நடந்து போய்ச் சேரும் இடத்தில் ஒரு ஆவணமோ, ஒரு நேரடிச் சாட்சியோ, பெயர் தெரிந்த ஒரு ஆய்வாளரோ நின்றால் அதைச் சான்றாகக் காட்டலாம். யாருமே நிற்காவிட்டால், "இப்படி ஒரு கதை இணையத்தில் வழங்குகிறது" என்பதற்கு மட்டுமே அந்தப் பதிவு சான்று. நடந்த நிகழ்ச்சிக்குச் சான்று ஆகாது.

சான்று காட்டி எழுதக் கூடியது எது?

ஆஷ் கொலையைப் பற்றித் தாளில் பதிவான விவரங்கள் ஏராளமாக இருக்கின்றன. ராபர்ட் வில்லியம் ஆஷ் அயர்லாந்துக்காரர். 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் கோரல் மில் தொழிலாளர் போராட்டத்துக்கும் எதிராக நின்றவர். பிறகு திருநெல்வேலிக் கலெக்டர் ஆனார். 1911 ஜூன் 17 அன்று மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டவரை மணியாச்சி ரயில் சந்திப்பில் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றான். அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் குற்றவாளியாகக் கொண்டு நடந்த சதி வழக்கில் 1912-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1918-ல் வெளிவந்த ரௌலட் குழு அறிக்கை சென்னை மாகாணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்தக் கொலையைப் பேசுகிறது. அந்த அறிக்கையை இன்று இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். நம் காலத்தில் ஆ.இரா. வேங்கடாசலபதி, ஆஷின் குடும்பத்தாரைத் தேடிப் போய், 2010-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஒரு கட்டுரை எழுதினார். தமிழில் 'ஆஷ் அடிச்சுவட்டில்' என்ற நூல் இருக்கிறது.

இதில் சாதி எங்கே என்று கேட்பீர்கள். வாஞ்சியின் கடிதத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்பது அவன் முதல் குற்றச்சாட்டு. மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சனுக்கு இந்த நாட்டில் முடிசூட்டுவதா என்பது அடுத்தது. 1911 ஜூன் 22 ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா. அதற்கு ஐந்து நாள் முன்புதான் துப்பாக்கி வெடித்தது. மாட்டிறைச்சி தின்பதை இழிவாகச் சொல்லும் ஒரு மனதைப் பற்றி, அது எந்தத் தர்மத்துக்காகத் துடித்தது என்பதைப் பற்றி எழுத, அந்தக் கடிதமே போதும். அது சான்று. அருவியும் வண்டியும் அந்தக் கடிதத்தில் இல்லை.

கடிதத்தைக் காட்டும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் மன்னரை 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று எழுதியிருக்கிறான். நம் பதிவுகள் பல, "பார், மன்னரையே பஞ்சமன் என்று திட்டியிருக்கிறான்" என்று அங்கேயே நிறுத்திவிடும். வடமொழியில் பஞ்சமம் என்றால் ஐந்தாவது. ஐந்தாம் ஜார்ஜ் என்பதன் நேர் பெயர்ப்பு அது. நான்கு வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக நம்மைத் தள்ளிய சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மாட்டிறைச்சிக்கும் மிலேச்சனுக்கும் பக்கத்தில் அந்தச் சொல் வருவதால் அதில் இரண்டு பொருளும் ஒலிக்கிறது என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் "இது என் வாசிப்பு" என்று சொல்லிவிட்டு வாதிடுங்கள். மூலம் சொன்னது ஒன்று, நாம் அதிலிருந்து எடுப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுவதற்குத்தான் அடிக்குறிப்பு.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதம் இணையத்தில் சொல்லுக்குச் சொல் மாறிக் கிடக்கிறது. ஆகவே எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கும் வடிவத்தைப் பார்த்தீர்களோ அதைத்தான் குறிக்க வேண்டும்.

எங்கே தேடுவது? எல்லைக்கோடு எங்கே போனது?

"தென்காசி மாவட்டம், 1911ன்னு தேடினேன் அண்ணே, ஒண்ணுமே வரல" என்றாள். எப்படி வரும்? தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-ல். அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டம். நடுவில் சில ஆண்டுகள் அதற்குக் கட்டபொம்மன் பெயர் இருந்தது. 1997-ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைப்பதே நீக்கப்பட்டது. வெள்ளைக்காரன் ஆவணத்தில் நம் ஊர் 'டின்னவெல்லி', அருவி 'கோர்ட்டாலம்', பக்கத்து ஊர் 'ஷென்கோட்டா'. இந்த எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்தில் தேடினால்தான் பழைய ஆவணம் கண்ணில் படும்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. தென்காசி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. இன்று பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போகிற இரண்டு ஊரும் அன்று இரண்டு சட்டத்தின் கீழ் இருந்தன. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். அது செங்கோட்டைக்குப் பொருந்தும், தென்காசிக்குப் பொருந்தாது. சென்னை மாகாணத்தில் 1939 ஜூலை 8 மதுரை மீனாட்சி கோயில் நுழைவுக்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஆகவே "எங்கள் பகுதியில் கோயில் திறந்தது எப்போது?" என்று இலஞ்சியில் நின்றுகொண்டு கேட்டால், எந்தப் பக்கம் பார்த்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஆஷ் கதைக்கும் இதுவே உரைகல். ஆஷ் திருநெல்வேலிக் கலெக்டர். செங்கோட்டைத் தெரு அவருடைய அதிகாரத்துக்கு வெளியே, சமஸ்தானத்துக்குள் இருந்தது. செங்கோட்டைத் தெருவில் வண்டி ஓட்டும் பதிவு இந்த எல்லையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. எழுதியவர் பழைய வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் குறைந்தது ஒரு கேள்வியாவது அவருக்கு வந்திருக்கும்.

அருவி பற்றிய உத்தரவு என்றால் அது திருநெல்வேலி ஆவணங்களில் இருக்க வேண்டும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆஷ் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1917-ல், எச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் வெளிவந்தது, ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. செங்கோட்டைக்குத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகம். எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான ஒன்று அயோத்திதாசரின் 'தமிழன்'. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, 1914-ல் அவர் மறையும் வரை வாரந்தோறும் அவரே நடத்திய இதழ். ஆஷ் கொல்லப்பட்ட வாரத்திலும் அந்த அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த எழுத்துகளை ஞான அலாய்சியஸ் தொகுக்க, 1999-ல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. தென்காசியிலிருந்து ஒரு பஸ் தூரம். 1911-ன் நடுமாதங்களில் நம் ஆள் என்ன நினைத்தார் என்று பார்க்காமல், 2015-ல் முகம் தெரியாத ஒருவர் போட்ட பதிவை ஏன் சான்று காட்ட வேண்டும்?

ஆதாரம் கேட்பது எப்போதும் நமக்கு எதிரானதல்ல

இப்போது தங்கச்சியின் கோபத்துக்கு வருகிறேன். நம்மிடம் மட்டும்தான் ஆதாரம் கேட்கிறார்கள் என்றாளே, அது.

1923-ல் பம்பாய்ச் சட்டசபை, பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20-ல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாதம் இது: நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இந்தக் குளத்தில் தீண்டப்படாதார் இறங்கியதில்லை, அதுவே வழக்கம், வழக்கமே சட்டம். வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றம், நினைவுக்கு எட்டாத காலத்து வழக்கம் என்பதை இவர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டது.

கவனியுங்கள் தோழர்களே. "காலங்காலமாக" என்ற சொல்தான் அவர்கள் ஆயுதம். "எந்தக் காலம், எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று கேட்டபோது அந்த ஆயுதம் உடைந்தது. ஆதாரம் கேட்கும் பழக்கம் நம் கையில் இருந்த கருவி. அதை நாமே மழுங்கடிக்கக் கூடாது. நாம் ஒரு முகநூல் பதிவை வைத்து ஆய்வேடு எழுதினால், நாளை அவர்கள் ஒரு வாட்ஸ்அப் பதிவை வைத்து நம் இடஒதுக்கீட்டைப் பற்றி எழுதும்போது, எந்த வாயால் ஆதாரம் கேட்போம்?

கையில் இருக்கும் சான்றை விட்டுவிட்டு

என்னை உறுத்துகிற விஷயம் இதுதான். பொது வழியில் நடக்கவும் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் இறங்கவும் நமக்கு உரிமை வந்த வரலாற்றுக்குச் சான்று இருக்கிறது. தேதியோடு, பெயரோடு, பக்க எண்ணோடு இருக்கிறது.

1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியாராக இருந்தாலும் பொதுத் தெரு, பொதுச் சாலை வழியே நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணை ஆனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1922-ல், நம்மை அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்று குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எம்.சி. ராஜா கொண்டுவந்தார். இவை சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகி இருக்கின்றன.

1948 நவம்பர் 29-ல் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. அன்று சென்னையிலிருந்து போன வி.ஐ. முனிசாமிப் பிள்ளை பேசினார், தாட்சாயணி வேலாயுதன் பேசினார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடும் இடத்தில் குளிக்கும் துறையும் இருக்கிறது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-ல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

குற்றாலத்தில் இன்று நாம் தலையை நனைத்துக்கொண்டு நிற்பதற்கு எழுத்தில் இருக்கும் காரணம் இது. இதை எழுதியவர்கள், வாதாடியவர்கள், அடி வாங்கியவர்கள் நம் ஆட்கள். இதைப் பகிர்கிறவர் எத்தனை பேர்? சீனிவாசனின் தீர்மானத்தைப் பற்றி ஒரு பதிவு போட்டால் பத்து பேர் பார்க்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார் என்றால் பத்தாயிரம் பேர் பகிர்கிறார்கள். சான்று இல்லாத கதை சும்மா இருப்பதில்லை. சான்று இருக்கிற நம் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம்மைப் போராடிப் பெற்றவர்களாகக் காட்டாமல், யாரோ கொடுக்க வாங்கியவர்களாகக் காட்டுகிறது.

அப்படியானால் எப்படிக் குறிப்பது?

தங்கச்சிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இணையத்தில் எடுத்த எதற்கும் ஆறு விவரம் எழுதுங்கள்: எழுதியவர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளியான தேதி, முழு முகவரி, நீங்கள் பார்த்த தேதி. முகவரியை மட்டும் ஒட்டுவது, தெருப்பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் சொல்வது போல. அந்தப் பக்கம் நாளை செத்தால் உங்கள் சான்றும் செத்துவிடும். தமிழின் ஆரம்பகால இணையப் பக்கங்கள் பல ஜியோசிட்டீஸில் இருந்தன. 2009-ல் அது மூடியபோது அவையும் போயின. அதனால் முக்கியமான பக்கத்தை இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்'-இல் சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். நம் மக்கள் மீதான வன்கொடுமைச் செய்திகளுக்கு இது இன்னும் அவசியம். அவை அழிக்கப்படுவதும் திருத்தப்படுவதும் உண்டு.

ஸ்கேன் செய்த நூல் என்றால், கணினி காட்டும் பக்க எண்ணைப் போடாதீர்கள். தாளில் அச்சான பக்க எண்ணைப் போடுங்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' 1936-ல் வந்தது. 1500 படி இரண்டே மாதத்தில் தீர்ந்தது. 1937 பதிப்பில் காந்தியின் விமர்சனமும் அம்பேத்கரின் பதிலும் சேர்ந்தன. ஆகவே 1936 என்று போட்டுவிட்டுக் காந்திக்கு அவர் சொன்ன பதிலை எழுதினால், நீங்கள் பதிப்பைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். அம்பேத்கர் படம் போட்டு வரும் வாசகம் எதையும், நூலும் பக்கமும் கிடைக்கும் வரை அவர் பெயரில் எழுதாதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதும் ஒரு திரிபுதான்.

எண்களில் இரட்டைக் கவனம் வேண்டும். நம் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19-ல் நம் மக்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். எத்தனை பேர் என்று தேடினால் தளத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் குடும்பத்தை எண்ணுகிறார், ஒருவர் ஆளை எண்ணுகிறார், ஒருவர் பின்னால் வந்த மாதங்களையும் சேர்க்கிறார். மும்தாஜ் அலி கான் 1983-ல் அந்த ஊரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1982-ல் ஜார்ஜ் மேத்யூ எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார். எண்ணை எழுதினால், யார் எண்ணியது, எதை எண்ணியது என்பதையும் எழுதுங்கள்.

விக்கிப்பீடியாவைப் படியுங்கள், ஆனால் அங்கேயே படுத்துத் தூங்காதீர்கள். கீழே இருக்கும் சான்றுப் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, படித்ததை மட்டும் குறியுங்கள். பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டக் கூடாது. வேங்கடாசலபதி நூலில் எடுத்தாளப்பட்ட ஒரு கடிதத்தைப் படித்திருந்தால், அவர் வழியாகப் படித்தேன் என்று எழுதுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுவது வேறு ஆபத்து. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதை அப்பா சொல்லிக் கொடுப்பார். நமக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. எழுத்தில் இல்லாதது எல்லாம் நடக்காதது என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் விடாதவர்கள், பாட்டிகளிடம் எழுத்து ஆதாரம் கேட்பது கொடுமை. அதற்கும் வழி உண்டு. வாய்மொழியை வாய்மொழியாகவே சான்று காட்டலாம். யார் சொன்னது, என்ன வயது, எந்த ஊர், எந்தத் தேதியில் யார் பதிவு செய்தது, ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். சொல்பவரின் சம்மதத்தைக் கேளுங்கள். ஆபத்து இருந்தால் பெயரை மாற்றி, மாற்றியிருக்கிறேன் என்று குறியுங்கள். அப்படிப் பதிவான ஒரு பாட்டியின் சொல், பெயரில்லாத நூறு பதிவுகளைவிடக் கனமானது.

திருத்திய அடிக்குறிப்பு

தங்கச்சி இரண்டாம் இயலைத் திருப்பி எழுதினாள். ஆஷ் கதையை அவள் நீக்கவில்லை. "இப்படி ஒரு கதை இணையத்தில் பரவலாக வழங்குகிறது" என்று எழுதி, இரண்டு பதிவுகளை முழு விவரத்தோடும் பார்த்த தேதியோடும் குறித்தாள். அவற்றில் உத்தரவின் தேதியோ எண்ணோ இல்லை என்பதையும், செங்கோட்டை அன்று எந்த ஆட்சியில் இருந்தது என்பதையும் அடுத்த வரியில் எழுதினாள். பிறகு சீனிவாசனின் தீர்மானம், 15(2) பிரிவு. இயலின் நாயகர் மாறிவிட்டார்.

பேராசிரியர் இந்த முறை எதையும் சுழிக்கவில்லையாம். ஓரத்தில் ஒரு சரி மட்டும்.

அதோடு அவள் நிற்கவில்லை. போன வாரம் அழைத்து, "எங்க பாச்சி எந்த வருஷம் முதமுதல்ல அருவியில குளிச்சான்னு கேட்டேன் அண்ணே. நாப்பத்திமூணு நிமிஷம் பேசினா. எல்லாத்தையும் போன்ல பிடிச்சு வச்சிருக்கேன். தேதியும் எழுதிட்டேன்" என்றாள்.

பாச்சி என்ன சொன்னாள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் சேகரித்த சான்று. அவள் எழுதட்டும். அவள் பெயரைப் போட்டு நாம் மேற்கோள் காட்டுவோம்.

ஜெய் பீம்.